மறு: ‘டிரேசபிலிட்டி’க்குத் தமிழில் என்ன?

அனைவருக்கும் வணக்கம். ஒரு பொருளுக்குள் எந்தெந்த உதிரிபாகம் போனது, அது எங்கிருந்து வந்தது என்று பதிவைப் பார்த்துத் தேடிப் பிடிப்பதுதான் ‘டிரேசபிலிட்டி’. தொழிற்சாலையின் இருப்பு, உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் நடத்தும் ஈஆர்பி மென்பொருளைத் தமிழாக்கும்போது அதற்கு என்ன சொல் வைப்பது என்ற கேள்விக்கு என் பதில் இது.

> ‘தடமறிதல்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, ஈஆர்பி மென்பொருளிலும் அதையே வைத்துவிடலாமே?

கூரியர் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று பார்க்கும் ‘டிராக்கிங்’குக்கும் தடமறிதல் என்றுதான் போட்டு வருகிறோம். ஒரு பொருள் இப்போது எங்கே இருக்கிறது என்பது அந்தக் கேள்வி. மின்னணுத் தொழிற்சாலையில் கேட்பது வேறு. இந்த போர்டுக்குள் (மின்சுற்றுப் பலகை) எந்தெந்த லாட் (ஒரே தடவையில் தயாரான உதிரிபாகங்களின் கூட்டம்) போயிருக்கிறது? இந்த லாட் வேறு எந்தெந்த போர்டுகளுக்குள் போயிருக்கிறது? இரண்டு திரைகளும் ஒரே மென்பொருளில் இருக்கும்போது, இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் குழப்பம்தான்.

> அப்படியானால் ‘மூலமறிதல்’?

பாதிதான் வருகிறது. 2016-இல் சாம்சங் நோட் 7 தீப்பிடித்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். எரிந்த போனிலிருந்து அதன் பேட்டரி யாரிடம் வாங்கியது என்று போவது மூலம். அந்த பேட்டரி போன மற்ற போன்கள் எவை என்று திரும்பி வருவதுதான் பெரிய வேலை. செப்டம்பரில் சுமார் 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெற அறிவித்தார்கள். தன் போன் அதில் சேருமா என்று ஐஎம்இஐ எண்ணைத் தட்டிப் பார்க்க முடிந்ததென்றால், அந்த இணைப்பு எங்கோ பதிவாகி இருந்தது. இன்னொரு நிறுவனத்தின் பேட்டரியோடு கொடுத்த மாற்றுப் போன்களும் பிறகு எரிந்தன, அக்டோபரில் தயாரிப்பே நின்றது. பழுது ஏன் வந்தது என்று பதிவேடு சொல்லாது. யாரைக் கூப்பிட வேண்டும் என்று மட்டும் சொல்லும்.

மேலேயும் கீழேயும் போகிற சொல் நம்மிடம் இருக்கிறது: கொடிவழி. ஒரு குடும்பத்தின் முன்னோரையும் வாரிசுகளையும் ஒரே படத்தில் காட்டுவது. தொழிற்சாலை மென்பொருள்காரர்களே இதை ‘ஜீனியாலஜி’ என்றும் சொல்வதுண்டு, அதனால் வலிந்து பொருத்துவதாகாது. ‘கொடிவழி அறிக்கை’, ‘மேல்வழி’ (போர்டிலிருந்து லாட்டுக்கு), ‘கீழ்வழி’ (லாட்டிலிருந்து போர்டுகளுக்கு). பொத்தானில் ‘கொடிவழி பார்’. லாட்டை லாட் என்றே விடலாம். ‘தொகுதி’ என்றால் மாட்யூலா, எம்எல்ஏ தொகுதியா என்று இன்னொரு விவாதம் கிளம்பும்.

இதில் எனக்குப் பிடித்தது பிழைச் செய்திதான். இந்தச் சங்கிலி அறுவது பெரும்பாலும் அலுவலகத்தில் இல்லை, உற்பத்தி லைனில். ஸ்டோர்ஸில் ஒரே பார்ட் நம்பருக்கு இரண்டு லாட் வந்திருக்கும், ஈஆர்பி இருப்பில் மொத்தம் 10,000 என்று மட்டும் தெரியும். உதிரிபாகங்களை எடுத்து போர்டில் வைக்கும் பிக் அண்ட் பிளேஸ் மெஷினில் ஒரு ரீல் (உதிரிபாகங்கள் வரிசையாக இருக்கும் நாடாச் சுருள்) தீர்ந்து அடுத்த ரீலை ஒட்டும்போது பார்கோடை ஸ்கேன் செய்யாமல் விட்டால், அந்த நிமிடத்துக்குப் பிறகு வந்த போர்டுகளில் எந்த லாட் என்று யாருக்கும் தெரியாது. இதை மூடி மறைப்பது ‘பேக்ஃபிளஷ்’: போர்டு முடிந்தபிறகு, பொருட்பட்டியலைப் பார்த்து மென்பொருளே இருப்பைக் கழித்துக்கொள்ளும். எண்ணிக்கை சரியாக இருக்கும், கணக்குப் பிரிவுக்கும் சந்தோஷம். லாட் மட்டும் ஊகம். முதலில் வந்தது முதலில் போயிருக்கும் என்று மென்பொருள் நினைத்துக்கொள்ளும். லைனில் கைக்குக் கிடைத்த ரீல்தான் ஏறியிருக்கும்.

ஆகவே ரீல் மாற்றுகிறவர் திரையில் ‘தடமறிதல் தோல்வி’ என்று வந்தால் அவர் சரி என்று அழுத்திவிட்டுப் போய்விடுவார். ‘கொடிவழி அறுந்தது, புதிய ரீலை ஸ்கேன் செய்யவும்’ என்று வந்தால் என்ன அறுந்தது, என்ன செய்ய வேண்டும் இரண்டும் அதிலேயே இருக்கிறது.

> கொடிவழி அரச பரம்பரைக்குச் சொல்வதாயிற்றே?

எந்தக் குடும்பத்துக்கும் சொல்லலாம், கெப்பாசிட்டர் குடும்பத்துக்கும் சேர்த்து.

ஒரு விலக்கு உண்டு. அளவீட்டியலில் ஒரு மல்டிமீட்டரின் அளவுத்திருத்தத்தைத் தேசியத் தரஅளவு வரை கொண்டுபோவதையும் டிரேசபிலிட்டி என்கிறார்கள். அங்கே வாரிசு என்று எதுவும் இல்லை, மேல்நோக்கி மட்டுமே. அதற்கு ‘மூலமறிதல்’ பொருந்தும், முன்மொழிந்தவர் அந்தப் பக்கம் எடுத்துக்கொள்ளலாம்.

‘ஃபுளோர் லைஃப்’ பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். ஈரப்பத நிலை 3 (காற்றின் ஈரத்தால் எவ்வளவு எளிதில் கெடும் என்று காட்டும் குறியீடு) என்று குறித்த ஐசியை (சிப்), உறை பிரித்து 168 மணி நேரத்துக்குள் சோல்டர் செய்ய வேண்டும் என்ற கெடு அது. ‘திறப்புக் கெடு’ என்று தோன்றுகிறது. அதற்குத் தனி இழை தொடங்கிவிடுங்கள், இங்கே கலக்க வேண்டாம்.