தள்ளுபடிக் கூப்பனில் விளையாட்டு கார்டு வாங்குவது: மச்சான் கணக்கில் வாங்கலாமா?

திருப்பூர்_நூல்கண்டு கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சன்டைசராக வேலை பார்க்கிறேன். பள்ளிக்கூட நாட்களில் பிக் ஃபன் பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் அட்டைகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தேன். வீடு மாறியபோது அந்த டப்பா எங்கோ தொலைந்துவிட்டது. அந்த ஏக்கம் இன்னும் மனதை விட்டுப் போகாததால், இரண்டு வருடங்களாக மறுபடியும் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். 1990களில் ஆஸ்திரேலியாவில் ஃபியூட்டெரா வெளியிட்ட கிரிக்கெட் கார்டுகளும், 2014 உலகக் கோப்பையை ஒட்டிப் பனினி வெளியிட்ட பிரிஸம் கால்பந்து கார்டுகளும்தான் என் விருப்பம். பெரும்பாலும் ஈபே என்ற வெளிநாட்டு இணையச் சந்தையில் வாங்குகிறேன்.

இப்போது நியூ ஜெர்சியில் இருக்கும் என் மச்சானுக்கு அந்தத் தளத்திலிருந்து ஒரு கூப்பன் வந்திருக்கிறது. 100 டாலருக்குக் குறையாமல் வாங்கினால் 10 சதவீதம் தள்ளுபடி, ஆனால் தள்ளுபடி 25 டாலரைத் தாண்டாது. அமெரிக்காவில் பதிவான கணக்குக்கு மட்டுமே செல்லும். ஞாயிற்றுக்கிழமை இரவோடு முடிகிறது. நான் நெடுநாளாகப் பார்த்துவரும் 2014 பிரிஸம் மெஸ்ஸி கார்டு ஒன்று, பிஎஸ்ஏ 9 தரச் சான்றோடு (பிஎஸ்ஏ என்ற நிறுவனம் கார்டைச் சோதித்து 10க்கு இத்தனை என்று தரம் போட்டு, சான்று எண்ணோடு பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரும்), 150 டாலருக்குப் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவுக்கு அனுப்ப 22 டாலர் தனியாகக் கேட்கிறார்கள்.

மச்சானை வாங்கச் சொல்லி இங்கே அனுப்பிவைக்கச் சொல்வது நல்லதா, அல்லது கூப்பனை மறந்துவிட்டு என் கணக்கிலேயே நேரடியாக வாங்கிவிடலாமா? ஏலத்தில் எடுக்கும் கார்டுக்கும் கூப்பன் செல்லுமா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஈரோடு_மஞ்சள்மண்டி:

தம்பி, கூப்பனைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்த 150 டாலர் என்ற விலையைப் பற்றிப் பேச வேண்டும். அது விற்பவர் கேட்கும் விலைதானே தவிர, கார்டு விற்ற விலை அல்ல. எங்கள் ஊர் மஞ்சள் ஏலத்தில் வியாபாரிகள் மூட்டையிலிருந்து ஒரு விரலியை எடுத்து ஒடித்து, உள்ளே நிறம் எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் விலை எழுதுவார்கள். மூட்டைக்கு மேல் யார் என்ன சொல்கிறார்கள் என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. நீங்களும் தேடல் பக்கத்தில் விற்று முடிந்தவை என்ற வடிகட்டியைப் போட்டு, அதே கார்டு, அதே தரம், கடந்த 90 நாட்களில் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று வரிசையாகப் பாருங்கள்.

அப்படிப் பார்க்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில விலைகள் குறுக்கே கோடிட்டு அடிக்கப்பட்டிருக்கும். பேரம் பேசி அதைவிடக் குறைவாக விற்றது என்று அதற்குப் பொருள். உண்மையில் கைமாறிய தொகையை அந்தப் பக்கம் காட்டாது. அவற்றைக் கணக்கில் சேர்த்தால் சராசரி மேலே ஏறிவிடும். கோடில்லாமல் முடிந்த ஏல விலைகளே நம்பத் தகுந்தவை. கூப்பன் வரும் வாரங்களில் பட்டியல் விலையைச் சற்று ஏற்றி வைக்கும் விற்பனையாளர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சந்தையில் 130 டாலருக்குப் போகும் கார்டை 150 என்று போட்டு, நீங்கள் 15 டாலர் தள்ளுபடியில் 135க்கு வாங்கினால், இலாபம் யாருக்கு என்று யோசியுங்கள்.

ஏலத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஏலத்தில் வென்ற பிறகு நீங்களே பணம் செலுத்தும் பக்கத்துக்குப் போகும் முறையாக இருந்தால், கூப்பன் காலம் முடிவதற்குள் பணம் கட்டினால் செல்லும், அந்தக் கூப்பனின் நிபந்தனையில் ஏலத்தை விலக்கியிருக்காத வரையில். ஆனால் நீங்கள் பேரம் பேசி விலை சொல்லும்போதே வங்கி அட்டை விவரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, விற்பவர் ஒப்புக்கொண்ட நொடியில் பணத்தைத் தானாகப் பிடித்துக்கொள்ளும் முறையும் இருக்கிறது. அங்கே கூப்பன் எண்ணை எழுத உங்களுக்கு வாய்ப்பே கிடைக்காது. பேரமும் வேண்டும், கூப்பனும் வேண்டும் என்றால், விற்பவருக்குச் செய்தி அனுப்பிப் பட்டியல் விலையையே குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். தளம் தரும் கூப்பனாக இருந்தால் அந்தத் தள்ளுபடியைத் தளமே ஏற்கிறது. விற்பவருக்கு அவர் விலை முழுதாகக் கிடைக்கும். அதனால் நேர்மையாகக் கேட்டால் பலர் இறங்கி வருவார்கள்.

கரூர்_கைத்தறி:

நண்பருக்கு வணக்கம். நானும் ஏற்றுமதித் தொழிலில் இருப்பவன் என்பதால் கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

உங்கள் கணக்கில் நேரடியாக வாங்கினால் 150, அனுப்பும் கட்டணம் 22, ஆக 172 டாலர். வங்கி அட்டையில் அந்நியச் செலாவணிக்காக 3.5 சதவீதம் பிடித்தால் 6 டாலர் 2 சென்ட், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று இன்னும் ஏறத்தாழ 1 டாலர். மொத்தம் 179 டாலரைத் தொடுகிறது.

மச்சான் வாங்கினால் 150இல் 15 கழிந்து 135. உள்ளூரில் அனுப்ப 5 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நியூ ஜெர்சி விற்பனை வரி 6.625 சதவீதம் இருப்பதை மறந்துவிட வேண்டாம். அதையும் சேர்த்தால் ஏறத்தாழ 150 டாலர். கூப்பன் கொடுத்ததில் பெரும்பகுதியை வரி எடுத்துக்கொண்டது. பிறகு அவர் தபாலில் இங்கே அனுப்ப 20 டாலர் ஆகும் என்றால் 170. இரண்டு வழிக்கும் வித்தியாசம் 9 டாலர்தான். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

சுங்க வரி இரண்டு வழியிலும் உண்டு. பொருளின் விலை மட்டுமல்லாமல் அனுப்பும் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த தொகையின் மேல்தான் வரி கணக்கிடப்படும் என்பது நமக்குத் தொழிலிலேயே பழகிய சிஐஎஃப் கணக்கு. சொந்தப் பயனுக்காகத் தபாலிலும் கூரியரிலும் வருபவை பெரும்பாலும் சுங்க வரிப் பட்டியலின் 9804 என்ற தலைப்பில் மதிப்பிடப்படுகின்றன. விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுவதால், வாங்குகிற வாரத்தில் நடப்பில் உள்ளதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பரிசு என்று எழுதி, 10 டாலர் மதிப்பு என்று குறித்து அனுப்பச் சொல்லிப் பலர் யோசனை சொல்வார்கள். 2019 டிசம்பரிலேயே பரிசு என்ற பெயரில் வரியில்லாமல் இறக்கும் வழி அடைக்கப்பட்டுவிட்டது. உயிர்காக்கும் மருந்துகளுக்கும் ராக்கிக்கும் மட்டும் விலக்கு உண்டு. பொய் மதிப்பு எழுதிய பொட்டலம் வழியில் தொலைந்தால் காப்பீடும் அந்தப் பொய் மதிப்புக்குத்தான் கிடைக்கும். ஏற்றுமதி ஆவணத்தில் நாம் ஒரு எண்ணைத் தவறாக எழுதமாட்டோம் அல்லவா, இங்கேயும் அப்படியே இருப்போம்.

சிங்காநல்லூர்_கார்டு_ஆல்பம்:

அண்ணா, நான் கோவையில் இருந்து எழுதுகிறேன். நீங்கள் யோசிக்கிற அதே வழியில் போய்ப் பட்ட அனுபவம் என்னுடையது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சென்ற வருடம் ஒரு வெளிநாட்டு இணையச் சந்தையின் கூப்பன் நள்ளிரவோடு முடிய இருந்தது. குறைந்தபட்சத் தொகையை எட்டுவதற்காக, வேண்டிய கார்டு ஒன்றோடு வேண்டாத மூன்றையும் கூடையில் போட்டு, டெக்சாஸில் இருக்கும் என் சித்தி மகள் முகவரிக்கு வாங்கினேன். அவள் உறையைப் பிரிக்காமலே இங்கே அனுப்பிவிட்டாள். வந்த பிறகு டியூப் லைட்டுக்குக் கீழே ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தேன். நேராகப் பார்த்தால் எதுவும் தெரியவில்லை. ஒரு பக்கமாகச் சாய்த்தபோது மட்டும், எனக்கு வேண்டிய அந்தக் கார்டின் வலது கீழ் மூலையிலிருந்து நடு வரைக்கும் தலைமுடி அளவுக்கு ஒரு மடிப்புக் கோடு மின்னியது. விற்பவர் போட்ட படங்கள் எல்லாம் நேராக எடுத்தவை.

புகார் கொடுத்தேன். பொருள் முதலில் சேர வேண்டிய முகவரிக்கு நல்லபடியாகச் சேர்ந்துவிட்டது, அங்கிருந்து வேறு முகவரிக்கு மாற்றி அனுப்பியதால் வாங்குபவர் பாதுகாப்பு செல்லாது என்று பதில் வந்தது. அது அந்த ஒரு சந்தைக்கு மட்டுமான விதி இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஈபேயின் பணம் திரும்பப் பெறும் உறுதியும் முதல் முகவரிக்குச் சேர்ந்தபின் வேறிடத்துக்கு அனுப்பிய பொருளுக்குச் செல்லாது. கரூர் அண்ணா சொன்ன 9 டாலருக்காக நீங்கள் கைவிடுவது அந்தப் பாதுகாப்பைத்தான்.

கடைசியில் விற்பவரே மனமிரங்கித் திரும்ப வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டார். அப்போதும் தள்ளுபடியை நான்கு கார்டுக்கும் விலை வீதத்தில் பிரித்து, அந்தக் கார்டுக்கு நான் உண்மையில் கட்டிய தொகையைத்தான் தந்தார்கள். அது நியாயம்தான், ஆனால் கூப்பன் திரும்பக் கிடைக்கவில்லை. வேண்டாத மூன்று கார்டுகள் மட்டும் இன்றைக்கும் என் ஆல்பத்தில் இருக்கின்றன.

ஆகவே என் யோசனை இதுதான். மச்சான் கணக்கில் வாங்குங்கள், ஆனால் அவர் அதை இங்கே அனுப்ப வேண்டாம். பொட்டலம் வந்த அன்றே அவர் பிரித்து, பிஎஸ்ஏ தளத்தில் சான்று எண்ணைப் போட்டுப் பெட்டியில் உள்ள கார்டும் எண்ணும் பொருந்துகின்றனவா என்று பார்க்கட்டும். பெட்டியின் ஓரங்களில் பிளந்து ஒட்டிய தடம் இருக்கிறதா என்று விளக்கொளியில் சுற்றிப் பார்த்து, முன்னும் பின்னும் படமெடுத்து உங்களுக்கு அனுப்பட்டும். குறை இருந்தால் பொருள் சேர்ந்த 30 நாட்களுக்குள் அவரே கோரிக்கை வைக்கலாம். அவர் முகவரியிலேயே இருப்பதால் உறுதியும் செல்லும். சரியாக இருந்தால் அவர் ஊருக்கு வரும்போது கைப்பையில் கொண்டுவரட்டும். தபால் செலவும் மிஞ்சும். பயணிகளுக்கான வரியற்ற வரம்பில் அவர் கொண்டுவரும் மற்றப் பொருட்களோடு சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

வந்த பிறகு பத்திரப்படுத்துவதையும் சொல்லிவிடுகிறேன். பிரிஸம் போன்ற பளபளப்பான உலோகப் பூச்சுக் கார்டுகள் ஈரப்பதம் மாறும்போது வில் போல வளையும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று அடிக்கும் எங்கள் பக்கத்தில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். சான்றுப் பெட்டிக்குள் இருப்பதற்கு அவ்வளவு பயமில்லை. தனிக் கார்டுகளை மெல்லிய உறையிலும் அதன் மேல் டாப் லோடர் என்ற கெட்டியான பிளாஸ்டிக் உறையிலும் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

கோபி_வாய்க்கால்:

ஒரு எச்சரிக்கை மட்டும். டெலிகிராம் குழுக்களில் இத்தகைய கூப்பன் எண்களை 200, 300 ரூபாய்க்கு விற்கிறார்கள். ஒரு கணக்குக்கென்று கொடுத்த எண் இன்னொரு கணக்கில் வேலை செய்யாது. பணம் போனதுதான் மிச்சம். கூப்பனுக்காகப் புதுப்புதுக் கணக்குகள் தொடங்குவதும் விதிமீறல், எல்லாக் கணக்கும் சேர்ந்து முடங்கக்கூடும். மச்சானின் கூப்பனை மச்சானே, அவர் கணக்கில், அவர் அட்டையில், அவர் முகவரிக்குப் பயன்படுத்தட்டும்.

ஃபியூட்டெரா கார்டுகள் ஆஸ்திரேலியத் தளத்தில்தான் அதிகம் கிடைக்கின்றன. அந்தத் தளத்தின் கூப்பன்கள் தனி. அமெரிக்கக் கூப்பன் அங்கே செல்லும் என்று எண்ணிக் கூடையை நிரப்ப வேண்டாம். 2018 ஆகஸ்டில் ஈபேயின் இந்தியத் தளம் மூடப்பட்ட பிறகு நமக்கென்று ரூபாயில் கூப்பன் வரும் வழியும் அங்கே இல்லாமல் போய்விட்டது. உள்ளூர்த் தளங்களில் கார்டு பாக்கெட் வாங்கும்போது மட்டும், உறையில் அச்சிட்ட எம்ஆர்பியைப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் தள்ளுபடியைக் கணக்கிடுங்கள்.

திருப்பூர்_நூல்கண்டு:

எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. ஈரோடு ஐயா சொன்னபடி விற்று முடிந்தவற்றைப் பார்த்தேன். கோடிட்ட விலைகளைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், அதே தரத்தில் ஆறு கார்டுகள் 124 டாலரிலிருந்து 136 டாலருக்குள் போயிருக்கின்றன. அது தெரியாமல்தான் 150 டாலர் விலைக்குக் கூப்பன் போடப் பார்த்தேன் என்று எண்ணும்போது, இங்கே கேட்டது எவ்வளவு நல்லது என்று தோன்றுகிறது.

மச்சான் மூலமாக விற்பவருக்கு மரியாதையாக ஒரு செய்தி அனுப்பினோம். சமீபத்தில் விற்ற விலைகளைக் குறிப்பிட்டு, பட்டியல் விலையை 130 ஆக்க முடியுமா என்று கேட்டோம். அவர் 132 என்று மாற்றித் தந்தார். கூப்பன் போட்டதும் 13 டாலர் 20 சென்ட் கழிந்து கார்டின் விலை 118 டாலர் 80 சென்ட் ஆனது. குறைந்தபட்சத் தொகையான 100 டாலருக்கு மேல் அந்த ஒரே கார்டு இருந்ததால், கூடையில் வேறு எதையும் சேர்க்கவில்லை.

சிங்காநல்லூர்ச் சகோதரி எழுதியதை அப்படியே மச்சானுக்கு அனுப்பிவிட்டேன். தங்கை, அதாவது அவர் மனைவி, பொட்டலம் பிரிப்பதைக் காணொளியாக எடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். தை மாதம் காங்கேயத்தில் எங்கள் பெரியப்பா பேரன் திருமணத்துக்கு வரும்போது கையில் கொண்டுவருவார்கள். ஃபியூட்டெரா கார்டுகளுக்கு ஆஸ்திரேலியத் தளத்தில் நேரடியாகவே, கூப்பன் இல்லாமல், 90 நாள் விலையைப் பார்த்து வாங்கிக்கொள்கிறேன்.

கார்டு மச்சான் கைக்குச் சேர்ந்ததும் சான்று எண் பொருந்தியதா என்று இதே இழையில் எழுதுகிறேன்.