கப்கேக் மேல் க்ரீம் பிழிந்த கதை: உங்களுக்கு என்ன ஆனது?

உறையூர்க்காரி:

தோழிகளே, என் மகள் பிறந்தது மே மாதம். திருச்சி வெயிலில் அவள் பிறந்ததற்கு நான் பொறுப்பில்லை. ஆனால் இந்த வருடம் கடையில் கேக் வாங்க வேண்டாம், வீட்டிலேயே 24 கப்கேக் செய்து ஒவ்வொன்றின் மேலும் ரோஜாப்பூ வைத்துத் தருகிறேன் என்று வாயைக் கொடுத்தது நான்தான்.

கேக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் வீட்டு ஓடிஜியில், அதாவது சின்ன மின்சார அவனில், ஒரு தடவைக்கு ஆறுதான் பிடிக்கும். இட்லி மாதிரி நாலு ஈடு எடுத்தேன். முந்தின நாள் ராத்திரியே சுட்டு ஆற வைத்து, டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். காலை பத்து மணிக்கு க்ரீம் வேலையில் உட்கார்ந்தேன். கால் கிலோ பட்டர், அரை கிலோ ஐசிங் சுகர், ரெண்டு ஸ்பூன் பால், வெனிலா எசென்ஸ். பட்டரை மட்டும் முதலில் பீட்டரில் ஐந்து நிமிடம் அடித்தேன். மஞ்சள் போய் வெண்மையாக, பஞ்சு மாதிரி வந்தது. அப்போதே போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். அது அவசரம் என்று பிறகுதான் தெரிந்தது.

பைப்பிங் பையின் நுனியில் ஒன் எம் நாசில் (நட்சத்திர வாய் உள்ள முனை) போட்டு, பையை நிறைய நிரப்பி, பிழிய ஆரம்பித்தேன். நடுவில் தொடங்கி வெளியே சுற்றினால் ரோஜா. வெளி ஓரத்தில் தொடங்கி உள்ளே சுற்றிக்கொண்டே மேலே போனால் கோபுரம். முதல் ஆறு ரோஜாவும் நிஜமாகவே ரோஜாதான். பத்தாவதில் இதழ்களின் விளிம்பு மழுங்கியது. பதினான்காவது தோசை மாவு ஊற்றியது போல் பரவி உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது. ஃபேன் நின்றதும், நன்றாக நின்றுகொண்டிருந்த அந்த ஆறும் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கின. மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, நெய் காய்ச்சப் போறியா?" என்றார்.

பிள்ளைகள் நக்கித் தின்றுவிட்டுப் போய்விட்டார்கள், அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் ஆறவில்லை. இது என் கை சரியில்லாததாலா, வேறு ஏதாவதா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

ஊட்டி மருமகள்:

அக்கா, உங்கள் வெயிலில் கால் பங்கை இங்கே அனுப்பி வையுங்கள். நான் மதுரையில் பிறந்து ஊட்டியில் வாழ்க்கைப்பட்டவள். முதல் ஜனவரியில் பட்டரை ராத்திரி முழுக்க வெளியே வைத்தும் காலையில் சலவை சோப் மாதிரிதான் இருந்தது. பொறுமை இல்லாமல் அடுப்புப் பக்கத்தில் வைத்தேன். ஒரு பக்கம் உருகிவிட்டது, மறுபக்கம் அப்படியே கல். இரண்டையும் சேர்த்து அடித்ததும் தயிர் திரிந்தது போல் ஆகி, தண்ணீர் தனியாகக் கசிந்தது. கொட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

கொட்டவில்லை. வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து பாத்திரத்தைச் சுற்றிக் கட்டி, மறுபடியும் அடித்தேன். இரண்டே நிமிடத்தில் கூடி வந்துவிட்டது. திரிந்த பட்டர்க்ரீம் பெரும்பாலும் குளிரால் திரிந்ததுதான், கொஞ்சம் சூடு காட்டினால் போதும். உங்களுக்கு நேர்மாறு, ஃப்ரிட்ஜில் வைத்து இறுகவிட்டு அடித்திருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரலில் பளபளவென்று எண்ணெய் ஒட்டக் கூடாது. அதுதான் பட்டரின் பதம். 20 டிகிரி பக்கத்தில் அந்தப் பதம் கிடைக்கும். உங்கள் சமையலறையில் அன்றைக்கு 35க்குக் குறைவாக இருந்திருக்காது. அதற்குக் கை என்ன செய்யும்?

இனிப்புக்கடைப் பையன்:

கையும் கொஞ்சம் செய்யும் அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அப்பாவுக்கு ஜாங்கிரி போடுவதுதான் தொழில். தடித்த துணியின் நடுவில் ஓட்டை போட்டு, ஓரத்தைக் காஜா அடித்தது போல் நெருக்கமாகத் தைத்திருப்பார். அந்தத் துணியும் உங்கள் பைப்பிங் பையும் ஒரே சாமான்தான், நுனியில் தகரம் வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. நான் பத்தாவது படிக்கும்போது எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். மேல் கை அழுத்த மட்டும், கீழ் கை வழிகாட்ட மட்டும். இரண்டு கையாலும் அழுத்தினால் வளையம் கோணும்.

தங்கையின் நிச்சயதார்த்தத்துக்குக் கப்கேக் செய்தபோது இதை அப்படியே கொண்டு போனேன். வடிவம் முதல் தடவையே வந்தது. ஆனால் ஒவ்வொரு பூவின் உச்சியிலும் வால் நீண்டது, எலி வால் மாதிரி. ஜாங்கிரியில் வால் எண்ணெயில் மூழ்கிவிடும், க்ரீமில் எல்லோருக்கும் தெரியும். அழுத்துவதை நிறுத்திவிட்டு, அதற்கப்புறம் பையைத் தூக்க வேண்டும். நான் இரண்டையும் ஒன்றாகச் செய்துகொண்டிருந்தேன். எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் முதுகில் இருபது பூ பிழிந்து, வழித்து, திரும்பப் பைக்குள் போட்டு, மறுபடி பிழிந்து பழகினேன். க்ரீம் வீணாகாது.

இன்னொன்று, பையை நிறைய நிரப்பினேன் என்றீர்களே, பாதிக்கு மேல் போடாதீர்கள். நம் உடம்புச் சூடு 37. பட்டர் 32, 35 டிகிரியில் உருகிவிடும். உள்ளங்கையே அதற்கு அடுப்பு. நிறைய நிரப்பினால் கடைசிக் க்ரீம் வெளியே வருவதற்குள் கால் மணி நேரம் நம் கையில் வெந்திருக்கும். இரண்டு பை வைத்துக்கொண்டு, ஒன்று கையில், ஒன்று ஃப்ரிட்ஜில் என்று மாற்றிக்கொண்டே இருங்கள். அப்பா உளுந்து மாவையே ஐஸ் தண்ணீர் தெளித்துத்தான் அரைப்பார், சூடேறினால் மாவு கெட்டது என்பார்.

யாழ்ப்பாணத்து அக்கா:

நாங்கள் இதைப் பட்டர் ஐசிங் என்றுதான் சொல்லுவோம், பிள்ளைகள். நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்துமஸுக்கு, ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்கு 60 கப்கேக் செய்து தருவதாக ஒப்புக்கொண்டேன். கடையில் ஐசிங் சீனி முடிந்துவிட்டது. சீனிதானே என்று மிக்ஸியில் அரைத்தேன், அரிக்காமல் அப்படியே போட்டு அடித்தேன். பார்வைக்கு நல்லாய்த்தான் இருந்தது.

எட்டாவது கப்கேக்கில் நாசில் அடைத்துவிட்டது. உள்ளே ஒரு சின்னச் சீனிக்கட்டி. அதை எடுத்துவிட்டுப் பிழிந்திருக்கலாம். நான் ஆத்திரத்தில் பலமாக அழுத்தினேன். பையின் தையல் பின்பக்கத்தால் வெடித்து, இளஞ்சிவப்பு ஐசிங் முழுவதும் அப்போதுதான் அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு வந்து நின்ற எங்கள் வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டையில். அவர் ஒன்றுமே பேசவில்லை. பேசியிருந்தால் நல்லாய் இருந்திருக்கும்.

அந்த இளஞ்சிவப்பும் ஒரு கதை. முதலில் சிவப்புத்தான் கேட்டார்கள். தண்ணீராய் இருக்கிற கலரை ஊற்ற ஊற்ற ஐசிங் இளகியதே தவிர, சிவக்கவில்லை. அரைப் போத்தல் போன பிறகு வாயில் வைத்தால் கைப்பு. வேண்டாமென்று அதை ஒதுக்கிவிட்டு, புதிதாக அடித்து ரெண்டு சொட்டோடு நிறுத்தினேன். அடுத்த நாள் பார்த்தால் அந்த ரெண்டு சொட்டே நன்றாகக் கடுத்திருந்தது. பட்டரில் நிறம் வைக்க வைக்கக் கூடும், அதனால் முதல் நாளே கலந்து வையுங்கள். ஜெல் கலர் கிடைத்தால் இன்னும் நல்லது. சீனியைக் கட்டாயம் அரித்துக்கொள்ளுங்கள், கடையில் வாங்கியதாய் இருந்தாலும்.

பால்கவர் ரசிகை:

நாசிலும் பையும் வாங்கக் காசில்லாத கல்லூரி நாட்களில், அரை லிட்டர் பால் கவரைக் கழுவிக் காயவைத்து மூலையை வெட்டிப் பிழிவேன். ஒரு தடவை வெட்டு பெரிதாகிவிட்டது. கப்கேக் மேல் பற்பசை வைத்தது போல் இருக்கிறது என்று ஹாஸ்டல் முழுக்கச் சிரித்தார்கள். நுனியைத் தட்டையாக்கி வி மாதிரி வெட்டினால் இலை வடிவம் வரும், பூவைவிட அது சுலபம். மருதாணி கோன் போடத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை.

கோவை ஹோம்பேக்கர்:

நான் ஆர்டர் எடுத்துச் செய்கிறவள், ஆனால் முதல் ஆர்டரில் அழுதவள். பட்டர்க்ரீம் திகட்டுகிறது, விப்பிங் க்ரீம் வேண்டும் என்றார் ஒரு வாடிக்கையாளர். க்ரீம் என்றால் க்ரீம்தானே என்று குழம்புக்கு ஊற்றுகிற ஃப்ரெஷ் க்ரீம் பாக்கெட் நாலு வாங்கி அடித்தேன். பத்து நிமிடம். இருபது நிமிடம். நாற்பதாவது நிமிடம் பீட்டரிலிருந்து கருகிய வாசனை வந்ததே தவிர, க்ரீம் எழும்பவில்லை. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் கொழுப்பு 25 சதவீதம். எழும்பி நிற்க 30க்கு மேல், நன்றாக நிற்க 35 வேண்டும். இதை யாரும் எனக்கு முன்னாலேயே சொல்லவில்லை, அதனால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

பேக்கரிகளில் பெரும்பாலும் பயன்படுத்துவது தாவரக் கொழுப்பில் செய்த விப்பிங் க்ரீம். கல்லாக உறைந்து வரும். ராத்திரியே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றி, லேசாக ஐஸ் நொறுங்கல் இருக்கும்போதே அடிக்க வேண்டும். பாத்திரம், பீட்டர் கம்பி எல்லாவற்றையும் முன்கூட்டியே ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். கம்பியைத் தூக்கினால் நுனி வளையாமல் நிற்க வேண்டும், அந்த நொடியே நிறுத்த வேண்டும். அதற்குமேல் அடித்தால் ரவை மாதிரி சொரசொரப்பாகிவிடும். பட்டர்க்ரீம் மாதிரி இதைத் திரும்பச் சரிசெய்வது சிரமம். வெயிலுக்கு ஓரளவு தாங்கும், லேசாகவும் இருக்கும். ருசி என்று கேட்டால், எனக்குப் பிடிக்காது. அண்ணத்தில் மெழுகு மாதிரி ஒரு படலம் நிற்கிறது. விற்கிறேன், வீட்டுக்குச் செய்வதில்லை.

உறையூர்க்காரி:

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்னதை எல்லாம் சேர்த்துப் போன ஞாயிற்றுக்கிழமை திரும்பச் செய்தேன். பிறந்தநாள் இல்லை, ரோஷம்தான்.

விடிகாலை ஐந்தரைக்கு எழுந்தேன். 24 எல்லாம் கிடையாது, 12 மட்டும். போன தடவை பிரெட்டில் தடவுகிற உப்பு பட்டரைப் போட்டிருந்தேன், அதை அப்போது சொல்ல வெட்கமாக இருந்தது. இந்தத் தடவை உப்பில்லாதது. அகலமான தாம்பாளத்தில் ஐஸ் கட்டி கொட்டி, அதன்மேல் பாத்திரத்தை வைத்து அடித்தேன். ஐசிங் சுகரை இரண்டு தடவை சலித்தேன். நிஜமாகவே கட்டி இருந்தது. நீளமான டம்ளருக்குள் பையை நிறுத்தி, வாயை வெளியே மடித்துவிட்டு, பாதி மட்டும் நிரப்பினேன். இரண்டு பை. நாலு பூ பிழிந்ததும் பை ஃப்ரிட்ஜுக்கு, அடுத்த பை கைக்கு. முதல் இரண்டில் வால் வந்தது. மூன்றாவதில் இனிப்புக்கடைத் தம்பி சொன்னபடி, அழுத்துவதை நிறுத்தி, மனதுக்குள் ஒன்று என்று எண்ணிவிட்டுத் தூக்கினேன். வால் இல்லை.

பன்னிரண்டும் நின்றன. பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தபோது இதழ் ஓரம் கத்தி மாதிரி இருந்தது. ஏழரை மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிட்டது, வெயில் வாசலுக்குக்கூட வரவில்லை.

மாமியாருக்கு முதல் கப்கேக்கைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் ஸ்பூனால் ரோஜாவை அப்படியே வழித்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுக் கேக்கை மட்டும் சாப்பிட்டார். "பூ நல்லா இருக்கு. ஆனா இது என்ன, சக்கரையை அள்ளி வாயில போட்ட மாதிரி" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை, ஒரு பங்கு பட்டருக்கு இரண்டு பங்கு சர்க்கரை. குறைத்தால் இந்த வெயிலில் நிற்காது.

முட்டை வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துச் சூடாக்கி, நுரைக்க அடித்து, ஆறியதும் பட்டர் சேர்க்கிற ஸ்விஸ் முறையில் இனிப்பு குறைவு என்கிறார்கள். யாராவது நம் ஊர் வெயிலில் செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள். மாமியார் செவ்வாய், வெள்ளி முட்டை தொட மாட்டார். அடுத்த மே மாதம் மகள் பிறந்தநாள் என்ன கிழமை என்று காலண்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன்.