மறு: ‘அணுகல்’ வேண்டாம், ‘எட்டுகை’ன்னு வைக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம்,

ரெண்டு நாளா மெயில் பக்கம் வரல, இன்னைக்கு திறந்தா இந்த இழையில மட்டும் பதினேழு வந்து கிடக்கு. எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் எழுதறேன், நீளமா போச்சுன்னா பொறுத்துக்கங்க.

புதுசா சேர்ந்தவங்களுக்காக ஒரு வார்த்தை. மருந்து, டெஸ்ட், தடுப்பூசி மூணும் உலகத்துல எல்லாருக்கும் நியாயமா போய்ச் சேரணும்ங்கறத விளக்கற கையேட்டை மொழிபெயர்த்துட்டு இருக்கோம். அதுல பக்கத்துக்குப் பத்து தடவை ‘ஆக்சஸ்’ வருது, நாம அங்கெல்லாம் ‘அணுகல்’னு போட்டுட்டே போயிட்டோம். போன வாரம் ஒரு பக்கத்தை பிரிண்ட் எடுத்து பெரியம்மாகிட்ட குடுத்தேன். கண்ணாடிய மாட்டிக்கிட்டு ‘தடுப்பூசி அணுகலில் சமத்துவம்’ங்கற தலைப்ப ரெண்டு தரம் சத்தமா வாசிச்சாங்க, அப்புறம் தாளைத் திருப்பி பின்பக்கத்தைப் பாத்துட்டு, “அணுகணும்ங்கறே, யாரைன்னு போடலையே, போன் நம்பர் எங்க?”ன்னாங்க.

தப்பு அவங்களுது இல்ல. ‘மேலும் விவரங்களுக்கு அணுகவும்’னு பாத்துப் பாத்து வளர்ந்தவங்க நாம, அந்த வார்த்தைய கேட்டதும் யாரோ எந்திரிச்சுப் போய் ஒரு கதவைத் தட்டணும்னுதான் மனசுல படும். கம்ப்யூட்டர்ல ‘அணுகல்’ சரியாத்தான் இருக்கு, ஏன்னா கோப்பு இருந்த இடத்துலயே இருக்கும், நாமதான் அதுகிட்ட போறோம். மருந்து விஷயத்துல இந்த வார்த்தைய வச்சா எழுவாய் மாறிப்போகுது. அணுகறது நோயாளியோட வேலை, எட்டறது மருந்தோட வேலை. கையேடு முழுக்க பேசறது ரெண்டாவதைப் பத்தி, நாம எழுதி வச்சிருக்கறது முதலாவது. அதனாலதான் ‘அணுகல்’ இருக்கற இடத்துல ‘எட்டுகை’ன்னு வைக்கலாமான்னு கேக்கறேன்.

எச்ஐவி மருந்தையே எடுத்துக்கங்க. 2000 வாக்குல கூட்டு மருந்து ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல இருந்துச்சு. ஆப்பிரிக்காவுல நோயாளிங்க ஆஸ்பத்திரிய அணுகாமலா இருந்தாங்க? வரிசையில நின்னாங்க, ஆஸ்பத்திரியில மருந்து இல்லைன்னு கைய விரிச்சாங்க, நோயாளிங்க திரும்பிப் போனாங்க. 2001 பிப்ரவரியில நம்ம ஊர் மருந்துக் கம்பெனி சிப்லா அதே மருந்தை வருஷத்துக்கு 350 டாலருக்கு தர்றேன்னு சொன்னதும்தான் கதையே மாறிச்சு. அணுகினதுல ஒரு மாத்தமும் இல்ல, எட்டினதுலதான் மாத்தம்.

இனி வந்த ஆட்சேபணைங்க.

> எட்டுகைன்னா எட்டு கை இருக்கற சாமி மாதிரி இருக்கு

சிரிச்சுட்டேன் தம்பி. ஆனா ‘வருகை’ன்னு சொல்றப்போ யாரும் கைய தேடறதில்லையே, வா-வருகை, செய்-செய்கை மாதிரி எட்டு-எட்டுகை, அவ்வளவுதான். ‘மருந்து எட்டுகை’ன்னு சேர்த்து எழுதினா யாரும் கைய எண்ண மாட்டாங்க.

> அதுக்கு ‘எட்டம்’னே வச்சிடலாமே, சின்னதா இருக்கு

இதுக்கு நம்ம ஈழத்து நண்பர் சொன்ன பதிலே போதும், ‘எட்டத்தில நில்’லுன்னா தள்ளி நில்லுன்னு அர்த்தம். ஒரே வேர்லேர்ந்து கைக்கு வர்றதும் தள்ளிப் போறதும் முளைக்குது, எனக்கு அது பிடிச்சிருக்கு, ஆனா கையேட்டுல ‘மருந்து எட்டம்’னு போட்டா பாதிப் பேரு தலைகீழா படிச்சுடுவாங்க.

> ‘கிடைப்பு’ போதுமே, எல்லாருக்கும் புரியும்

டாக்டர் அக்கா, இங்கதான் நான் ஒத்துக்க மாட்டேன். சரக்கு இருக்கா இல்லையாங்கறது கிடைப்பு. அது எட்டுகையில ஒரு துண்டு. விலை, தரம், குளிர்பெட்டி, ரோடு, காலாவதி தேதி எல்லாம் சேர்ந்துதான் முழுசு. 2021 டிசம்பர்ல நைஜீரியா என்ன பண்ணுச்சுன்னு ஞாபகம் இருக்கா? காலாவதியான 10 லட்சத்துக்கும் மேல கொரோனா தடுப்பூசி டோஸை அபுஜாவுல குப்பைமேட்டுல கொட்டி புல்டோசர் ஏத்தி நசுக்கினாங்க. பணக்கார நாடுங்க தேதி முடியற நேரத்துல தானமா அனுப்பின சரக்கு அது. கிடைப்புன்னு பாத்தா கிடைச்சுது, கணக்குலயும் ஏறிச்சு. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலைன்னு சொல்வோம்ல, இங்க விமான நிலையத்துக்கு எட்டினது கைக்கே எட்டல.

‘சம அணுகல்’னு போடறோமே, அந்த ‘சம’ங்கற முன்னொட்டையும் எடுத்துடணும். கொரோனா தடுப்பூசிய எல்லா நாட்டுக்கும் பங்கு போட உலக அளவுல நடந்த கோவாக்ஸ் திட்டத்துல முதல் கட்டமா எல்லா நாட்டுக்கும் மக்கள்தொகையில 20 சதவீதம் வரைக்கும்னு ஒரே அளவா பங்கு வச்சாங்க. கனடா தன் ஜனத்தொகையை விட பல மடங்கு டோஸுக்கு தனியா ஒப்பந்தம் போட்டு வச்சிருந்தும் 2021-ல அங்கேர்ந்தும் தன் பங்கை எடுத்துக்கிச்சு, அதே சமயம் எத்தனையோ நாட்டுல நர்ஸுகளுக்கே ஊசி போட்டு முடியல. விதிப்படி தப்பில்ல, சமம்தான். நியாயமான்னு கேட்டா? அதனால ‘நியாய எட்டுகை’. நியாயம் வடசொல்லுன்னு ஐயா வருத்தப்படுவீங்கன்னு தெரியும்.

ஐயா அதுக்கு பதிலா ‘ஒப்புரவு’ சொல்லியிருந்தீங்க. ராத்திரி தூங்க விடல அந்த வார்த்தை, அவ்வளவு அழகு. ஒப்புரவறிதல் அதிகாரத்துலயே பெருந்தன்மையானவன்கிட்ட சேர்ற செல்வத்துக்கு மருந்து மரத்தை உவமை சொல்லியிருக்கார் வள்ளுவர், இதை விட பொருத்தம் வேற எங்க போய்த் தேடறது. ஆனா யோசிக்க யோசிக்க அதுதான் பிரச்சினைன்னு தோணுது. ஒப்புரவுல எழுவாய் யாரு, குடுக்கறவன். அவன் மனசு வச்சா மரம் காய்க்கும். கோவாக்ஸ் 2021 முடியறதுக்குள்ள 200 கோடி டோஸ்னு கிளம்பி, 100 கோடிய தாண்டினதே 2022 ஜனவரியிலதான், காரணத்துல முக்கியமானது அடுத்தவங்க எப்ப குடுப்பாங்கன்னு காத்துக் கிடந்தது. கையேடு உரிமையைப் பத்தி பேசுது, நாம அதுக்கு ஈகையோட பேரை வச்சிடக் கூடாது. கோவிக்காதீங்க ஐயா.

‘மலிவு விலை மருந்து’க்கு பதிலா என் ஓட்டு ‘கட்டுப்படியாகும் விலை’க்கு. மலிவுன்னா மட்டமான சரக்குன்னு ஒரு நெனப்பு ஒட்டிக்கும், ஜெனரிக் மருந்து, அதாவது கண்டுபிடிச்ச கம்பெனி இல்லாம மத்தவங்க தயாரிக்கற அதே மருந்து, அது மேல ஏற்கனவே அந்தப் பழி இருக்கு. இன்னொன்னு, கட்டுப்படியாகலைங்கற பேச்சு வாங்கறவன் வாயிலயும் வரும் விக்கறவன் வாயிலயும் வரும். ஹெபடைடிஸ்-சி மருந்து சோஃபோஸ்புவிர் 2013 கடைசியில அமெரிக்காவுல வந்தப்போ 12 வார கோர்ஸ் 84,000 டாலர், அதே கம்பெனி எகிப்துக்கு 900 டாலருக்கு குடுக்க ஒத்துக்கிச்சு. யாருக்கு எது கட்டுப்படியாச்சுன்னு அந்த ரெண்டு நம்பரை பக்கத்துல பக்கத்துல வச்சாலே போதும்.

கடைசியா ஒரு ஆபத்து, இதை யாருமே கவனிக்கல. நாலாம் பக்கத்துல ‘பரிசோதனைக்கான சம அணுகல்’னு இருக்கு. டெஸ்டுக்கும் பரிசோதனை, மனுஷங்க மேல மருந்தை வச்சுப் பாக்கற ட்ரயலுக்கும் பரிசோதனை. எலியா ஆகறதுக்கு எல்லாருக்கும் சம வாய்ப்புன்னு படிக்கலாம் அதை! வெறும் ஜோக் இல்ல இது. எச்ஐவி வராம தடுக்கற லெனகாபவிர் ஊசிய அர்ஜென்டினா, பிரேசில், மெக்சிகோ, பெரு நாடுகள்லயும் ஆளுங்க மேல போட்டுப் பாத்தாங்க, 2024 அக்டோபர்ல 120 நாட்டுக்கு ஜெனரிக் உரிமம் குடுத்தப்போ பட்டியல்ல இந்த நாலும் இல்ல. பரிசோதனை எட்டிச்சு, மருந்து எட்டல. அதனால டெஸ்டுக்கு ‘நோயறி சோதனை’, ட்ரயலுக்கு ‘மருந்தாய்வு’ன்னு பிரிச்சு வச்சிடுவோம்.

காப்புரிமை வச்சிருக்கறவங்க சம்மதம் இல்லாமலே மத்தவங்க மருந்து தயாரிக்க அரசாங்கம் குடுக்கற ‘கட்டாய உரிமம்’ பத்தி இங்க இழுக்காதீங்க, ஹெல்மெட் மாதிரி எல்லாரும் எடுத்தே ஆகணும்னு தொனிக்குதுங்கறது உண்மைதான், ஆனா அதுக்கு தனி இழை போட்டாதான் முடியும்.

வேற யாருக்கும் மறுப்பு இல்லைன்னா வெள்ளிக்கிழமை சொற்பட்டியல்ல ஏத்திடறேன். ‘மருந்து எட்டுகை’யா ‘மருந்தின் எட்டுகை’யான்னு மட்டும் ஐயா ஒரு வரி எழுதிடுங்க. அக்கா, ஆறாம் பக்கத்துல படத்துக்குள்ளயும் ‘அணுகல்’ இருக்கு, அது எழுத்தா இல்ல படமா இருக்கறதால தேடி-மாத்தறதுல மாட்டாது, கையாலதான் மாத்தணும்.