ஆல்ஃபா ஸீட்டா விழாவில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர்

அமெரிக்காவின் கொலம்பஸில், ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மண்ணியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆய்வகத்தில் உதவிக்கு வந்த இளங்கலை மாணவி ஒருத்தியை ஆல்ஃபா ஸீட்டாவில் சேர்த்துக்கொண்டார்கள். விழாவுக்கு என்னையும் கூப்பிட்டாள். வேளாண் படிப்பில் சிறந்தவர்களுக்கான சங்கம் அது. மூன்று செமஸ்டராவது முடித்திருக்க வேண்டும், மதிப்பெண்ணும் நன்றாக இருக்க வேண்டும். அதோடு நடத்தையையும் பொறுப்பெடுக்கும் குணத்தையும் பார்ப்பார்கள்.

சாப்பாட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் அவளுடைய தாத்தா. மாநிலத்தின் வடமேற்கில் மக்காச்சோளமும் சோயாவும் போடுகிறவர். அவர் போட்டிருந்த கோட்டில் அவர் காலத்துச் சங்கச் சின்னம் குத்தியிருந்தது. எனக்குத் தஞ்சாவூர்ப் பக்கம், வீட்டில் நெல் விவசாயம் என்றதும் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். தண்ணீர் கீழே இறங்காமல் இருக்கச் சேற்றுழவு ஓட்டி மண்ணைக் குழைப்போம் என்றேன். அவரால் நம்பவே முடியவில்லை. அவர் ஊர் இருப்பது கிரேட் பிளாக் ஸ்வாம்ப் என்ற பழைய சதுப்பு நிலத்தில். 19ஆம் நூற்றாண்டில் வாய்க்கால் வெட்டி, சுட்ட மண் குழாய்களைப் பூமிக்கடியில் பதித்து, நீரை வடித்துத்தான் அங்கே விவசாயமே தொடங்கியது. தண்ணீரை வெளியேற்றவே பரம்பரையாகச் செலவழித்த மனுஷர்! வரப்பையும் மடையையும் நாப்கினில் வரைந்து காட்டிய பிறகுதான் விட்டார்.

அப்புறம் சங்கத்தின் கதைக்கு வந்தார். 1897 நவம்பரில் சார்லஸ் பர்கெட், ஜான் கன்னிங்ஹாம் என்ற இரண்டு மாணவர்கள் ஒஹாயோ ஸ்டேட்டிலேயே தொடங்கியது. முதல் கிளைக்கு நார்ட்டன் டவுன்ஷெண்டின் பெயர். டவுன்ஷெண்ட் தொழிலால் மருத்துவர், அடிமை முறையை எதிர்த்தவர். 1854லேயே ஓபர்லினில் சில நண்பர்களோடு விவசாயிகளுக்குப் பாடம் நடத்திப் பார்த்தார், அது நீடிக்கவில்லை. 1862இல் லிங்கன் மாரில் சட்டத்தில் கையெழுத்திட்ட பிறகு மாநிலங்களுக்கு நிலம் கிடைத்தது. அதை விற்ற பணத்தில் கல்லூரிகள் எழுந்தன. ஒஹாயோவின் கல்லூரி (இன்றைய ஒஹாயோ ஸ்டேட்) 1873இல் வகுப்புகளைத் தொடங்கியபோது வேளாண் பேராசிரியராக வந்தவர் டவுன்ஷெண்ட்தான். ஏட்டைப் படித்து ஏர் ஓட்ட முடியுமா என்று விவசாயிகளே கேலி பேசிய காலம் அது. அப்படிப்பட்ட காலத்தில் இந்தப் படிப்புக்கென்று ஒரு கௌரவத்தை மாணவர்களே உண்டாக்கிக்கொண்டார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பர்கெட் பின்னாளில் கான்சாஸ் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநரானார், விவசாயப் பத்திரிகை ஆசிரியராகவும் இருந்தார்.

பெரியவரின் அப்பாவும் இதே கேள்வியைத்தான் கேட்டாராம்: "உழுவதற்கு எதற்குப் பட்டம்?" மகனைச் சங்கத்தில் சேர்த்த அன்று, மாடு கறந்துவிட்டுக் கொலம்பஸ் வரை காரோட்டி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாராம்.

நான் இளங்கலை படித்த கல்லூரியில் தங்கப் பதக்கம் உண்டு. ஆனால் படித்துவிட்டு ஊரில் விவசாயம் பார்க்கும் பழைய மாணவரை யாரும் மேடைக்கு அழைத்து நான் பார்த்ததில்லை. வேறு கல்லூரிகளில் அப்படி நடக்கிறதென்றால் சொல்லுங்கள், எப்படி நடத்துகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.