சிகரெட்டைக் கைவிட உதவிய மின்சிகரெட்டின் டேங்க் கசிகிறது, மாற்று தேவை

வணக்கம். லண்டன் ஈஸ்ட் ஹாமில் வசிக்கிறேன். பதினெட்டு ஆண்டுகள் பிடித்த சிகரெட்டை விட்டுப் பதினோரு மாதங்கள் ஆகின்றன. மின்சிகரெட்தான் கைகொடுத்தது. இப்போது அதன் டேங்க் (திரவம் நிரப்பும் சிறு கலன்) கசிகிறது. நேற்று மாலை சிகரெட் வாங்கக் கடை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பேட்டரி நன்றாக இருக்கிறது: 40 வாட், டேங்க்கைப் பொருத்தும் பொதுவான 510 திருகு, மேல்பகுதி அகலம் 22 மில்லிமீட்டர். டேங்க் 2 மில்லி, அதனுள் திரவத்தைச் சூடாக்கும் காயில் 1.2 ஓம். திரவத்தில் பிஜி (புரொப்பிலீன் கிளைக்கால்), விஜி (தாவரக் கிளிசரின்) சரிபாதி. நிக்கோட்டின் மில்லிக்கு 12 மில்லிகிராம்.

மூன்று வாரங்களுக்கு முன் டேங்க் சமையலறைத் தரையில் விழுந்து கண்ணாடி விரிசல் விட்டது. புதுக் கண்ணாடி போட்டேன். அன்றிலிருந்து அடியிலுள்ள காற்றுத் துளை வழியே கசிவு. காலையில் கையில் எடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. இழுத்தால் களகளவென்று சத்தம், நாக்கில் கசப்பாக ஒரு துளி.

ரப்பர் வளையங்களை மாற்றினேன். மூன்று காயில்கள் மாற்றினேன். ஒவ்வொரு முறையும் காயிலின் பஞ்சு திரவத்தில் ஊறப் பத்து நிமிடம் விட்டேன். நிரப்பும்போது காற்றுத் துளையை மூடியும் பார்த்தேன். பலனில்லை. அந்த டேங்க் இப்போது உற்பத்தியிலும் இல்லை. கடையில் தந்த, ஆவி அதிகம் வரும் 0.5 ஓம் டேங்க்கில் இதே திரவத்தை இழுத்தால் தொண்டை எரிந்து இருமல் வருகிறது. நிக்கோட்டினைக் குறைக்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

22 மில்லிமீட்டருக்குள், 1 ஓமுக்குக் குறையாத காயிலுடன், சிகரெட்டைப் போல் வாயில் இழுக்கக்கூடிய டேங்க்குகளில், நீங்களே சில மாதங்கள் பயன்படுத்தியும் கசியாதது எது?