மூன்றும் முக்கால்வாசியில் நிற்கிறது, எதை முதலில் முடிப்பது?

பாதிக்கிணறு:
புத்தக அலமாரி: அறுத்துப் பூட்டியாச்சு, வார்னிஷ் பாக்கி. செலவுக் கணக்கு ஆப் (ஆண்ட்ராய்டு): போனில் ஓடுகிறது, வெளியிடவில்லை. ஸ்வெட்டர்: இரண்டாவது கை பாக்கி. எல்லாமே "இன்னும் கொஞ்சம்தான்" என்ற இடத்தில் படுத்துவிட்டது. "தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கு" வேண்டாம், நேரம் இருக்கிறது.

மரத்தூள்:
அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று எழுதிப் பாருங்கள். அலமாரியை எடுத்துக்கொள்ளுங்கள்: முதலில் இடுக்குகளில் பட்டி பூசணும். காய்ந்ததும் 120-ஆம் நம்பர் உப்புத்தாள், அப்புறம் 180, 220, மர ரேகை ஓடும் திசையிலேயே. தூசியைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும். வார்னிஷின் முதல் கோட் ஒரு இரவு காயணும். 320-ஆல் லேசாகத் தேய்த்து, துடைத்து, இரண்டாவது கோட். கைவேலை சில மணி நேரம்தான், ஆனால் காயவிடுவதில் மூன்று நாள் ஓடிவிடும். "வார்னிஷ் பாக்கி" என்று ஒரே வரியில் வைத்திருந்தால் ஒரு சாயங்காலத்தில் முடிக்கப் பார்ப்பீர்கள். அடிக்கோட் காயாமல் மேல்கோட் போட்டால் சுருங்கும்; சுரண்டிவிட்டு மறுபடி 120. முக்கால்வாசிப் பேர் கைவிடுவது அந்த இடத்தில்தான்.

நள்ளிரவுநிரல்:
ஆப்தான் முதலில். காரணம் பிளே ஸ்டோர் விதி: 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் டெவலப்பர் கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் (நீங்கள் சேர்த்தவர்கள் மட்டும் ஆப்பைப் போட்டுப் பார்ப்பது) இருந்தால்தான் வெளியீட்டுக்கு விண்ணப்பிக்கவே முடியும். எவ்வளவு வேகமாக வேலை செய்தாலும் அந்த 14 நாள் குறையாது, அதனால் இன்றே ஓடவிடுங்கள். அதற்குமுன் எல்லை போடுங்கள்: செலவு சேர்க்க, திருத்த, மாதக் கூட்டுத்தொகை பார்க்க முடிந்தால் முதல் பதிப்பு முடிந்தது. வரைபடம், கிளவுட் எல்லாம் "பிறகு" என்ற கோப்புக்கு. தனியுரிமைக் கொள்கைப் பக்கம், ஐகான், ஸ்கிரீன்ஷாட் இதெல்லாமும் வேலைதான், யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தின் நிரலாளர் டாம் கார்கில் கிண்டலாகச் சொன்னது இதைத்தான்: முதல் 90% நிரலுக்கு 90% நேரம், மிச்ச 10%-க்கு இன்னொரு 90%.

ஊசிநூல்:
கோட் காயும் இடைவெளியில் ஸ்வெட்டர். ஆனால் நேராக ஊசியை எடுக்காதீர்கள். நாள் கழித்துப் பின்னினால் இறுக்கம் மாறி, ஒரு கை ஒல்லியாக வரும். முதல் கையில் 10 செ.மீ. அகலத்துக்கு எத்தனை கண்ணி என்று எண்ணி, புதிதாகச் சின்னத் துண்டு பின்னி ஒப்பிடுங்கள். கண்ணி கூடினால் பின்னல் இறுகியிருக்கிறது, ஊசியை அரை மி.மீ. பெரிதாக்குங்கள். நிறுத்தும்போது வரிசையை முடித்துவிட்டு, ஊசி அளவும் வரிசை எண்ணும் ஒரு சீட்டில் எழுதிக் கட்டிவையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே அலுத்துவிடும்.

பாதிக்கிணறு:
12 பேர் கிடைத்துவிடுவார்கள். நடுவில் ஒருவர் விலகினால்?

நள்ளிரவுநிரல்:
எண்ணிக்கை 12-க்குக் கீழே போனால் சிக்கல். 12-ஓடு நிற்காமல் 16, 17 பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.