அரக்கு மெருகில் வெண்புகை: கிதாரைக் காப்பாற்ற வழி உண்டா?

ஜெலுத்தோங்காரன் (பினாங்கு):
வணக்கம். எட்டு மாதமாகச் செய்துவரும் என் முதல் கிதார் இது. முகப்பலகை ஸ்ப்ரூஸ், முதுகும் பக்கங்களும் மஹோகனி, கழுத்து நம்மூர் ஞாத்தோ மரம். அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சுப் பொதியால் மெருகேற்றுகிறேன். பத்து நாள் கண்ணாடிபோல வந்தது. போன ஞாயிறு மழையில் பூசியதும் ஒலித்துளையைச் சுற்றி வெண்புகை படர்ந்துவிட்டது, கஞ்சித் தண்ணீர் காய்ந்ததுபோல. துடைத்தால் போகவில்லை. உப்புத்தாளால் தேய்த்து எடுக்கலாமா?

கிள்ளான் தம்பி:
எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு பாலியூரித்தேன் அடித்துவிடுங்கள். வேலை முடிந்தது.

பழைய தச்சன்:
முகப்பலகை மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது. அதன்மேல் கனமான பூச்சு ஏற்றினால் ஒலி அமுங்கிவிடும். சாப்பாட்டு மேசைக்கு அடியுங்கள்.

ஜெலுத்தோங் தம்பி, உப்புத்தாளைக் கீழே வையுங்கள். புகை மரத்தில் இல்லை. மேல்படலத்தில் சிக்கிய நீர் அது. ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, மழைக்காற்றின் ஈரம் அங்கே பனிக்கிறது. ஆனால் பினாங்கில் முந்தைய பத்து நாளும் வறண்டா கிடந்தது? நடுவில் எதையோ மாற்றியிருக்கிறீர்கள்.

ஜெலுத்தோங்காரன்:
ஸ்பிரிட் தீர்ந்துவிட்டது ஐயா. கடை அடைப்பு. மருந்துக்கடை ஆல்கஹாலால் பொதியை நனைத்தேன். இப்போதுதான் போத்தலைத் திருப்பிப் பார்க்கிறேன்: 70%.

பழைய தச்சன்:
மிச்சம் முப்பதும் தண்ணீர். அரக்குக்குத் தண்ணீரை நீங்களே ஊட்டியிருக்கிறீர்கள்! அரக்கு மாளிகைக்குத் தீ பகை, அரக்கு மெருகுக்கு நீர் பகை.

இரண்டு நாள் குளிரூட்டிய அறையில் வையுங்கள். ஈரப்பதமானி 60-க்குக் கீழே வந்த பிறகு, புதிதாகத் திறந்த 95% எத்தனாலில் சில சொட்டு மட்டும் பொதியில் விடுங்கள். புறங்கையில் ஒற்றினால் குளிர வேண்டும், ஈரம் தெரியக்கூடாது. விமானம் தரை தொட்டு எழுவதுபோல நீளவாட்டில் ஒரு வீச்சு. நடுவில் நிறுத்தினால் பொதி ஒட்டிக்கொண்டு அரக்கைப் பிய்த்துவிடும். நாலைந்து வீச்சு போதும், மறுநாள் பாருங்கள்.

ஜெலுத்தோங்காரன்:
மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். முதல் வீச்சிலேயே புகை மெலிந்தது; நேற்றோடு போய்விட்டது. மரத்தின் ரேகை மறுபடியும் தெரிகிறது. நன்றி ஐயா. நாளை தந்தியைத் தாங்கும் பிரிட்ஜை ஒட்டப் போகிறேன்.

பழைய தச்சன்:
பொறுங்கள். வீணையில் குதிரை என்போமே, அது உட்காரும் இடத்தை நாடா ஒட்டி மறைத்துவிட்டுத்தானே பூசினீர்கள்?

ஜெலுத்தோங்காரன்:
இல்லை.

பழைய தச்சன்:
அரக்கின்மேல் ஒட்டினால் தந்தி இழுக்கும் இழுப்பில் பெயர்ந்து வந்துவிடும். பிரிட்ஜை வைத்துக் கூரான கத்தியால் மெல்லக் கோடிடுங்கள். அரக்கு மட்டும் வெட்டுப்பட வேண்டும், மரம் அல்ல. கோட்டுக்குள்ளே வெறும் மரம் தெரியும்வரை சுரண்டிவிட்டு அன்றைக்கே ஒட்டுங்கள். நாளை மழை என்றால் நாளை வேண்டாம்.